பதினைந்து விநாடி சோப்ரா

2006, ஏப்ரல் 17. இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் சண்டர்லாண்ட் நகரத்து மைதானம். உள்ளூர் அணிக்கும் பக்கத்து ஊரான நியூகாஸிலுக்கும் மேட்ச். இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஜென்மப் பகை. மேட்ச் அன்றைக்கு போலீஸ்காரர்களுக்கு லீவு கிடைக்காது. அவ்வளவுதான் சொல்லலாம்.

சண்டர்லாண்ட் ஒரு கோல் போட்டு முன்னால் நிற்கிறது. இரண்டாவது பாதியில் நியூகாஸில் ஒரு மாற்று ஆட்டக்காரரை உள்ளே அனுப்புகிறது. வயது 22. உள்ளே போனார், பந்து வந்தது, அடித்தார். கோல்! கோட்டைத் தாண்டி உள்ளே வந்து பதினைந்து விநாடிதான் ஆகியிருந்தது. அடுத்த நிமிடமே ஆலன் ஷியரர் பெனால்ட்டியில் இன்னொரு கோல் போட, கடைசியில் 4-1 என்று நியூகாஸில் ஜெயித்தது. ஷியரருக்கு அது அந்த கிளப்புக்காக 206-வது கோல். அதுவே கடைசி கோலும்கூட. அதே மேட்சில் காயம்பட்டு வெளியே போனவர், அப்புறம் லீக் ஆட்டம் எதுவும் ஆடவில்லை.

ஆகவே மறுநாள் பேப்பர்கள் ஷியரரைத்தான் கொண்டாடின. பதினைந்து விநாடிப் பையனுக்கு இரண்டாவது இடம். பெயர், மைக்கேல் சோப்ரா.

ஆமாம், சோப்ராதான். இந்திப் படம் எடுக்கிறவர்கள் வீட்டுப் பெயர். அப்பா பஞ்சாபி, அம்மா ஆங்கிலேயர். 1983 டிசம்பரில் நியூகாஸிலில் பிறந்து, அந்த ஊர் கிளப்பின் அகாடமியிலேயே பந்து பழகிய பையன். பிரிமியர் லீகில் ஆடிய முதல் இந்திய வம்சாவளிக்காரர் என்று சரித்திரத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சரித்திரத்தை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம் என்பது வேறு விஷயம். 2006 ஏப்ரலில் நாம் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தோம். எப்போதும்போல.

இந்தக் கட்டுரை அவர் அடித்த கோல்களைப் பற்றியது என்று நினைத்துவிடாதீர்கள். கோல்கள் வரும். ஆனால் விஷயம், ஒரு காகிதம்.

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோமா?

கால்பந்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது வெள்ளைக்கார சிப்பாய்கள். மாலையில் பொழுது போகவில்லை, ஆடினார்கள். 1888-ல் சிம்லாவில் டூராண்ட் கோப்பை ஆரம்பித்தது. மார்டிமர் டூராண்ட் என்ற அதிகாரியின் பெயர். ஆப்கானிஸ்தானுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே இன்றைக்கும் சண்டைக்குக் காரணமாக இருக்கும் டூராண்ட் கோடு இருக்கிறதே, அதைக் கிழித்த அதே மனுஷன். 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷையர் ரெஜிமெண்டை 2-1 என்று தோற்கடித்தபோது, பதினோரு பேரில் பத்துப் பேர் காலில் பூட்ஸ் கிடையாது. வெறுங்கால். ஆண்டுகொண்டிருந்தவனை அவன் சொல்லிக்கொடுத்த ஆட்டத்திலேயே அடித்தார்கள்.

1936-ல் இங்கிருந்து ஒருவர் அங்கே போனார். முகமது சலீம். கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் ஆட்டக்காரர். ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்பில் வாய்ப்புக் கேட்டார். வெறுங்காலோடு ஆடுவேன் என்றார். மேனேஜர் வில்லி மேலி முதலில் நம்பவில்லை. ஆடிக் காட்டியபிறகு நம்பினார். காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு இரண்டு ஆட்டங்கள் ஆடினார். ஒன்றில் செல்டிக் 5-1, இன்னொன்றில் 7-1. கிளாஸ்கோ பத்திரிகைகள் கிறங்கிப் போயின. இங்கேயே இரு, காசு தருகிறோம் என்றது கிளப். சலீமுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. கிளம்பிவிட்டார்.

பல வருடங்கள் கழித்து அவர் உடம்பு சரியில்லாமல் கிடந்தபோது, மகன் செல்டிக் கிளப்புக்கு ஒரு கடிதம் போட்டார். ஞாபகம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கத்தான். நூறு பவுண்டுக்கு ஒரு டிராஃப்ட் வந்தது. அதைக் காசாக்காமல் அப்படியே பத்திரப்படுத்தி வைத்தார்கள்.

ஆங்கிலேயர்கள் வெளிநாடு போய் ஆடுவது எப்போதுமே அபூர்வம். உள்ளூர் சாப்பாடு, உள்ளூர் மழை, உள்ளூர் பப். அதை விட்டுவிட்டுப் போவதற்கு மனசு வராது. 1950-ல் நீல் ஃபிராங்க்ளின் என்ற நட்சத்திரத் தடுப்பாட்டக்காரர் போனார். காரணம் சுத்தமான பணக் கணக்கு. இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் வாரத்துக்கு 12 பவுண்டுக்கு மேல் சம்பளம் கிடையாது என்று உச்சவரம்பு. கொலம்பியாவின் பொகோட்டாவில் பல மடங்கு தருகிறேன் என்றார்கள். உலகக்கோப்பையையே விட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் இல்லாத இங்கிலாந்து அணி, அந்த உலகக்கோப்பையில் அமெரிக்காவிடம் 0-1 என்று தோற்று அசிங்கப்பட்டது. இவருக்கும் பொகோட்டா ஒத்துவரவில்லை. சில மாதத்தில் திரும்பி வந்தார், தடை விதித்தார்கள், அப்புறம் இங்கிலாந்துக்காக ஆடவே இல்லை. அதே உலகக்கோப்பைக்கு இந்தியாவுக்கும் இடம் கிடைத்திருந்தது, நாம் போகாமல் விட்டோம் என்பது தனிச் சோகம். வேறொரு வாரம் அழுவோம்.

சரி, சோப்ரா.

நியூகாஸிலில் ஷியரர் இருக்கும்வரை முன்வரிசையில் இன்னொருவருக்கு நிரந்தர இடம் கிடைப்பது கஷ்டம். பையனை வாடகை சைக்கிள் மாதிரி ஊர் ஊராக அனுப்பினார்கள். 2003 ஏப்ரலில் வாட்ஃபோர்ட் அணிக்காக பர்ன்லியில் ஒரே மேட்சில் நாலு கோல் அடித்தார். அந்த மேட்சின் ஸ்கோர் 7-4. கால்பந்தா, கபடியா என்று கேட்கத் தோன்றும்.

2006-ல் கார்டிஃப் சிட்டி அவரை 5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. ஒரே சீசனில் லீகில் 22 கோல். 2007-ல் சண்டர்லாண்ட் அவரை 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பன்னிரண்டு மாதத்தில் பத்து மடங்கு! பி.காம் படித்த எனக்கு இந்த மாதிரி வருமானம் தரும் வேறு முதலீடு எதுவும் பாடத்தில் சொல்லித் தரவில்லை. அன்றைய மதிப்பில் சுமார் 40 கோடி ரூபாய்.

யார் வாங்கினார்கள் என்று கவனித்தீர்களா? சண்டர்லாண்ட். எந்த ஊருக்கு எதிராகப் பதினைந்து விநாடியில் கோல் அடித்தாரோ, அதே ஊர். போன முதல் நாளே, 2007 ஆகஸ்ட் 11, டாட்டன்ஹாம் அணிக்கு எதிராகக் கடைசி நேரக் கூடுதல் நிமிடத்தில் ஒரு கோல் போட்டு ஜெயிக்க வைத்தார். பழைய பகையெல்லாம் பறந்து போனது. மேனேஜர் ராய் கீன் முகத்திலேயே சிரிப்பு. ராய் கீனைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய சாதனை என்பது புரியும்.

ஆனால் அந்த வேகம் நிற்கவில்லை. மறுபடி கார்டிஃப். 2010 மே 22, வெம்பிளி மைதானம். ஜெயிக்கிற அணி பிரிமியர் லீகுக்குப் போகும். அந்த ஒரு மேட்சின் விலை 9 கோடி பவுண்டு என்று பத்திரிகைகள் கணக்குப் போட்டன. கார்டிஃபுக்கு முதல் கோல் சோப்ராவுடையது. ஆனாலும் பிளாக்பூல் 3-2 என்று ஜெயித்துவிட்டது.

இதற்கிடையில் மைதானத்துக்கு வெளியே இன்னொரு ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சூதாட்டம். டீன் ஏஜ் பையனாக நியூகாஸிலில் இருந்தபோதே ஆரம்பித்தது என்று அவரே பிற்பாடு பேட்டிகளில் சொன்னார். சம்பளம் ஏற ஏற, பந்தயமும் ஏறியது. இழந்த தொகை பத்து லட்சம் பவுண்டைத் தாண்டியதையும் அவரே ஒப்புக்கொண்டார். 2011-ல் இப்ஸ்விச் கிளப் அவரை வாங்கிய கையோடு சிகிச்சைக்கு அனுப்பவேண்டி வந்தது. போன இடம் ஸ்போர்ட்டிங் சான்ஸ். அர்செனல் கேப்டன் டோனி ஆடம்ஸ், குடியிலிருந்து மீண்டு வந்தபிறகு, தன்னைப்போல விழுந்த விளையாட்டுக்காரர்களுக்காக ஆரம்பித்த மருத்துவ இல்லம்.

இருபது வயசுப் பையன் கையில் வாரா வாரம் லட்ச லட்சமாகப் பணம் கொடுத்துவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்குப் பயிற்சி முடிந்தது, வீட்டுக்குப் போ என்று அனுப்பினால் என்ன ஆகும்? மனுஷன் என்ன செய்வான்? எல்லாருமா சூதாடினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்த கிளப்புகளின் சட்டையிலேயே பந்தயக் கம்பெனிகளின் பெயர்கள் மின்னிய காலம் அது. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் இந்தியா உள்ளே வருகிறது.

இங்கிலாந்து சீனியர் அணியில் சோப்ராவுக்கு வாய்ப்பு வரவில்லை. அப்பா பிறப்பால் பஞ்சாபி. இந்தியாவுக்காக ஆடலாமே என்று பேச்சு கிளம்பியது. அப்போது இந்திய அணிக்குக் கோச்சாக இருந்தவரும் ஓர் ஆங்கிலேயர், பாப் ஹாட்டன். சோப்ராவுக்கும் ஆசை இருந்தது, வெளிப்படையாகச் சொன்னார். இவருக்கு விருப்பம், அணிக்குத் தேவை. பின்னே என்ன தடை?

பாஸ்போர்ட்.

இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. வெளிநாட்டு இந்தியர்களுக்கு ஓசிஐ என்று ஒரு அட்டை தருகிறோம். அதை வைத்துக்கொண்டு விசா இல்லாமல் வந்து போகலாம், வீடு வாங்கலாம், வேலை செய்யலாம். ஓட்டுப் போட முடியாது. நாட்டுக்காக விளையாடவும் முடியாது. 2008 டிசம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகம் கறாராகச் சொல்லிவிட்டது: இந்திய பாஸ்போர்ட் இருந்தால்தான் இந்தியச் சட்டை. சோப்ரா ஆடவேண்டுமென்றால் பிரிட்டிஷ் குடியுரிமையைத் துறக்கவேண்டும். அதற்கும் முன்னால் ஓசிஐ அட்டையோடு ஐந்து வருடம், அதில் விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடம் இங்கேயே குடியிருக்கவேண்டும். ஒரு கால்பந்துக்காரனின் நல்ல வயசே பத்து வருடம்தான் சார்!

காகிதம் மனுஷனை யாரென்று தீர்மானிக்கும் இந்த விநோதம் நமக்கொன்றும் புதிதில்லை. தூரம் போகவேண்டாம், ஜவ்வாது மலைக்குப் போங்கள். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி யாரையாவது நீங்க என்ன ஆளுங்க என்று கேட்டுப் பாருங்கள். மலையாளி என்பார்கள். கேரளா என்று நினைத்து, சுகமாணோ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அவர்கள் பேசுவது சுத்தமான தமிழ். மலையை ஆள்கிறவர்கள், ஆகவே மலையாளி. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்று அவர்களுடைய வழிவழிக் கதை சொல்கிறது. சாமையும் தினையும் விளைவிக்கிற சனம்.

அரசாங்கப் பட்டியலில் இந்த மலையாளிகள் பழங்குடிகள். ஆனால் பட்டியலில் ஒரு வால் இருக்கிறது. தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் இருந்தால் மட்டும். ஜவ்வாது மலை பழைய வட ஆற்காட்டில் இருந்ததால் தப்பித்தது. அதே மலையாளி, அதே சாமை, அதே சாமி. ஆனால் ஈரோடு பக்கத்து பர்கூர் மலையில் பிறந்தால்? அது பழைய கோயமுத்தூர் மாவட்டம். பட்டியலில் பெயர் இல்லை. பல பத்தாண்டுகளாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுத்தாலும் ஜாதிச் சான்றிதழ் மட்டும் கல்யாணத்தோடு மலை தாண்டி வருவதில்லை. பத்தாம் வகுப்பு முடித்த பையனுக்கு அந்த ஒரு தாள் இருந்தால் ஹாஸ்டல், ஸ்காலர்ஷிப், கல்லூரி சீட். இல்லாவிட்டால் ஆந்திரப் பக்கம் கூலி வேலை.

கோடீஸ்வரக் கால்பந்துக்காரனையும் பர்கூர் பையனையும் ஒரே தட்டில் வைக்கிறாயே என்று கோபப்படாதீர்கள். வைக்கவில்லை. இரண்டு பேர் முன்னாலும் இருந்த மேஜையும், மேஜைக்குப் பின்னாலிருந்த பதிலும் ஒரே மாதிரி என்கிறேன். ரத்தம் சரி, காகிதம் எங்கே?

2012 ஜனவரியில் கல்கத்தாவில் ஒரு வேடிக்கை நடந்தது. பிரிமியர் லீக் சாக்கர் என்று ஒரு புதுப் போட்டிக்கு ஏலம். அர்ஜென்டினாவின் கிரெஸ்போ 8 லட்சத்து 40 ஆயிரம் டாலர். இத்தாலிக்கு உலகக்கோப்பை வாங்கித் தந்த கேப்டன் கன்னவாரோவும், லிவர்பூல் புகழ் ராபி ஃபௌலரும்கூட ஏலம் போனார்கள். எல்லாம் முடிந்தபிறகு பார்த்தால் ஆட மைதானம் இல்லை! ஒரு மேட்ச்கூட நடக்காமல் போட்டி கரைந்து போனது. சாப்பாட்டுப் பந்திக்கு ஆள் கூப்பிட்டுவிட்டு அடுப்பு வாங்க மறந்த கதை.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் வந்தபோது அடுப்பு இருந்தது. அந்த வருடம் கேரளா பிளாஸ்டர்ஸ் சோப்ராவை எடுத்தது. சச்சின் டெண்டுல்கர் அப்போது அதன் பங்குதாரர். மேனேஜரும் கோல்கீப்பரும் ஒரே ஆள், இங்கிலாந்தின் டேவிட் ஜேம்ஸ். கொச்சி மைதானத்தில் மஞ்சள் சட்டையோடு மேட்சுக்குச் சுமார் ஐம்பதாயிரம் பேர். இவர்கள் நிஜமான கேரளத்து மலையாளிகள். இங்கிலாந்தின் பல கிளப்புகள் பொறாமைப்படும் கூட்டம்.

சோப்ராவுக்குக் காயம். சீசனில் பாதியை வெளியே உட்கார்ந்து கழித்தார். ஒரு கோல்கூட இல்லை. ஆனால் அணி ஜோராகப் போனது. அரையிறுதி யாரோடு என்று நினைக்கிறீர்கள்? நம்ம சென்னையின் எஃப்சியோடு. கொச்சியில் அவர்கள் 3-0. டிசம்பர் 16 அன்று சென்னையில் நாம் திருப்பி 3-0. மொத்தக் கணக்கு சமம், கூடுதல் நேரம். நேரு ஸ்டேடியத்தில் ஒருவர் சீட்டில் உட்காரவில்லை. 117-வது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கோல் போட்டு நம்மை வீட்டுக்கு அனுப்பினார். அந்த கோலை மன்னிக்காதவர்கள் சென்னையில் இன்றும் உண்டு. இறுதி ஆட்டத்தில் கேரளா, கல்கத்தாவிடம் கூடுதல் நிமிடத்தில் 0-1 என்று தோற்றது.

2016-ல் சோப்ரா மறுபடி வந்தார். இந்த முறை கோச், மான்செஸ்டர் யுனைட்டெட்டின் பழைய ஆட்டக்காரர் ஸ்டீவ் காப்பெல். அக்டோபர் 14, கொச்சி, மும்பைக்கு எதிராக. இரண்டாவது பாதி. ஒருவழியாக சோப்ராவின் கால் பேசியது. 1-0. அந்த சீசனில் கேரளாவுக்கு முதல் வெற்றி. அப்பா தேசத்து மண்ணில் அவருக்கு முதல் கோல். எத்தனை கோல் பாக்கி என்று கேட்டால், இல்லை, அவ்வளவுதான். அந்த லீகில் அவர் கணக்கு ஒன்று.

இந்தியக் குடியுரிமை வாங்குவேன் என்று இந்த இரண்டு வருகையின்போதும் பேசினார். அப்போதே முப்பதைத் தாண்டியாயிற்று. நடக்கவில்லை. 2015 மார்ச்சில் ஃபிஃபா தரவரிசையில் இந்தியாவுக்கு 173-வது இடம் என்பதைச் சும்மா தகவலுக்குச் சொல்லி வைக்கிறேன். சோப்ரா ஒருத்தர் வந்திருந்தால் அது நூறாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், 2011-ல் ஒரு 27 வயது சோப்ராவை ஆசியக் கோப்பைக்குக் கூட்டிப்போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஒருவர் காகிதத்தை மாற்றிக் காட்டியிருக்கிறார். இசுமி அராடா. அம்மா ஜப்பான், அப்பா குஜராத்தி. இங்கே மகிந்திரா யுனைட்டெட், புனே எஃப்சி என்று வருடக்கணக்கில் ஆடினார், தங்கினார். ஜப்பான் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 2012-ல் இந்தியரானார். காகிதத்தில் பெயர் நீலகண்ட கம்போல்ஜா. 2013-ல் இந்தியாவுக்காக ஆடியும்விட்டார். ஜப்பான் பாஸ்போர்ட் எப்பேர்ப்பட்ட சங்கதி என்று விமான நிலையத்தில் வரிசையில் நின்ற எவருக்கும் தெரியும். அதைக் கொடுத்துவிட்டு நம்முடையதை வாங்கினார் மனுஷன்.

அதற்கப்புறம் ஒரு பெரிய இடைவெளி. சுவான்ஸீ, ராஸ் கவுன்ட்டி கிளப்புகளில் ஆடிய பர்மிங்ஹாம் பையன் யான் தாண்டா, இந்தியாவுக்கு ஆட ஆசை என்றார். அதே மேஜை, அதே பதில். கடைசியில் 2025-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்த ரயன் வில்லியம்ஸ், பெங்களூரு எஃப்சி ஆட்டக்காரர், தன் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்து இந்திய பாஸ்போர்ட் வாங்கினார். அம்மா மும்பையில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். நவம்பரில் தேசிய அணி முகாமுக்கு அழைப்பும் வந்தது.

அதே மாதம் 18-ம் தேதி டாக்காவில் வங்கதேசத்தோடு மேட்ச். இந்தியா 0-1 என்று தோற்றது. வில்லியம்ஸ் களமிறங்கவில்லை. ஆஸ்திரேலியக் கால்பந்துச் சங்கத்திடமிருந்து வரவேண்டிய தடையில்லாச் சான்று அன்றைக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை.